பழைய நாலு சக்கர ஓட்ட வண்டி, ஆட்டோ கியர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பிராடோவோ ஜீப் செரோக்கியோ வாங்கி, சிஓஇ-ஐ (சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கத் தேவையான உரிமைச் சான்றிதழ்) இன்னொரு பத்து வருடம் புதுப்பித்ததும் பெரும்பாலானோர் முதலில் காசைக் கொட்டுவது டயரிலும் சஸ்பென்ஷனிலும்தான். ஜோகூர் செம்பனைத் தோட்டத்துச் சேற்றில் எஞ்சின் உறுமி, வண்டி நகராமல் நிற்கும்போதுதான் கியர்பாக்ஸ் நினைவு வருகிறது. எண்ணெயே மாற்றாமல் ஓட்டுவது, எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைத் தொடாமல் விடுவது போன்றவை எல்லாருக்கும் தெரியும் என்பதால் இங்கே இல்லை.

கேபிளைத் தளர்த்தி 'ஸ்மூத்' ஆக்குவது

புதிதாக வருபவர்கள் விடாமல் செய்வது இதுதான். பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

தொண்ணூறுகளின் டொயோட்டா ஏ340 வகை கியர்பாக்ஸ் பெட்டிகளிலும், அதே குடும்பத்தைச் சேர்ந்த செரோக்கியின் ஏடபிள்யூ4-இலும் கியர் எப்போது மாற வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்கிறது. மாறிய கியரைப் பிடித்து நிறுத்தும் எண்ணெய் அழுத்தம் மட்டும் கணினியின் வேலை இல்லை. எஞ்சினுக்குக் காற்றைத் திறந்துவிடும் த்ராட்டில் பாடியிலிருந்து பெட்டிக்குள் போகும் ஒரு கேபிள்தான் அதைக் கவனிக்கிறது. காலை அழுத்தினால் கேபிள் உள்ளே இருக்கும் வால்வை இழுக்கும், அழுத்தம் ஏறும், கிளட்ச் தட்டுகள் இறுகப் பிடிக்கும்.

கேபிள் தளர்ந்தால், நீங்கள் முழுக்க மிதித்தாலும் பெட்டி லேசாக மிதித்ததாகவே எடுத்துக்கொள்ளும். கியர் சரியான நேரத்தில்தான் மாறும், அதுவும் வெண்ணெய் மாதிரி. வண்டிக்காரருக்கு ஒரே சந்தோஷம். உள்ளே ஒவ்வொரு மாற்றத்திலும் தட்டுகள் வழுக்கிக் கருகிக்கொண்டிருக்கும். டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது.

ஒரு பிராடோவில் நடந்தது. 'டி'-யில் போட்டால் 'டொக்' என்று சத்தம். பட்டறையில் கேபிளைத் தளர்த்திக் கொடுத்தார்கள், சத்தம் அடங்கியது. சில மாதம் கழித்து நான்கு பேரோடு களிமண் மேட்டில் ஏறும்போது எஞ்சின் சுற்றியது, சக்கரம் சுற்றவில்லை. பெட்டியின் அடியிலுள்ள எண்ணெய்த் தட்டை (பேன்) கழற்றினால் கறுப்புச் சேறு, கருகிய வாடை. 'டொக்'குக்கான உண்மையான காரணம் கிழிந்துபோன கியர்பாக்ஸ் மவுன்ட் ரப்பர், அதாவது பெட்டியைத் தாங்கும் ரப்பர். அதன் விலையைச் சொன்னால் வயிறெரியும்.

ஆகவே சத்தம் வந்தால் முதலில் மவுன்ட், பிறகு பெட்டியிலிருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜாயின்ட், அதற்குப் பிறகு ஐடில் வேகம். எஞ்சினை அணைத்து, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, 'என்'-இல் போட்டு, ஷாஃப்டைக் கையால் முறுக்கிப் பாருங்கள். ஜாயின்ட்டில் ஆட்டம் இருந்தால் கையிலேயே தெரியும்.

கேபிளைச் சரிபார்க்கவும் எஞ்சின் அணைந்திருக்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அடிவரை மிதிக்கட்டும். த்ராட்டிலைக் கையால் திறந்து அளந்தால் தப்பான அளவுதான் வரும், ஏனென்றால் தடித்த தரைவிரிப்பு பெடலைத் தடுத்து த்ராட்டிலை முழுசாகத் திறக்க விடாமல் இருக்கலாம். டொயோட்டாவில் அந்த நிலையில் ரப்பர் உறையின் முனைக்கும் உள்கம்பியில் பிடித்திருக்கும் சின்ன உலோக மணிக்கும் இடைவெளி 0 முதல் 1 மில்லிமீட்டர். அதிகம் இருந்தால் இரண்டு லாக் நட்டையும் தளர்த்திச் சரிசெய்து மறுபடி இறுக்குங்கள். செரோக்கியில் கேபிளிலுள்ள பட்டனை அழுத்தி, கேபிள் உறையை உள்ளே தள்ளி, பட்டனை விட்டுவிட்டு த்ராட்டிலை ஒருமுறை முழுக்கத் திறந்தால் தானே அமைந்துகொள்ளும். த்ராட்டில் பாடியைக் கழற்றிச் சுத்தம் செய்தால் இதை மறுபடி பார்த்தே ஆக வேண்டும்.

அளவுக்கு மீறி இறுக்கினால் லேசான மிதியிலேயே கியர் இடித்து விழும். சந்தேகம் தீரவில்லையென்றால் பெட்டியின் பக்கவாட்டிலுள்ள சோதனைத் துளையில் 20 பார் வரை காட்டும் அழுத்தக் கேஜைப் பொருத்தி, மேனுவலோடு ஒப்பிடுங்கள். பிரேக்கை மிதித்தபடியே ஆக்ஸிலரேட்டரையும் முழுக்க மிதித்து ஸ்டால் செய்து பார்ப்பதானால் ஐந்து வினாடிக்கு மேல் போகக் கூடாது.

பெரிய கூலர், பழைய ரேடியேட்டர்

கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் வெளிக் கூலர் வாங்குவது நல்ல செலவுதான். ஆனால் பலர் அதைப் பழைய ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலரோடு தொடராக இணைத்துவிட்டு நிம்மதியாகிறார்கள். அந்த உள்கூலர் அரித்து ஓட்டை விழுந்தால் கூலன்ட் எண்ணெயோடு கலந்து, டிப்ஸ்டிக்கில் ரோஸ் மில்க் நிறம் தெரியும். தட்டில் உராய்வுப் பொருளை ஒட்டியிருக்கும் பசையைக் கூலன்ட் கெடுத்துவிடும், அதற்குப் பிறகு எத்தனை தடவை எண்ணெய் மாற்றினாலும் பயனில்லை. ரேடியேட்டரின் வயது தெரியாவிட்டால் புதிது போடுங்கள். இல்லையென்றால் உள்கூலரை முழுக்க ஒதுக்கி, விசிறி வைத்த பெரிய வெளிக்கூலரை மட்டும் நம்புங்கள். குளிர்காலமே இல்லாத சிங்கப்பூரில் எண்ணெய் சூடேறாமல் போகும் கவலை கிடையாது. ஹோஸ் ஏடிஎஃப்-க்கென்று (ஆட்டோ கியர் எண்ணெய்) வருவதாக இருக்கட்டும், பெட்ரோல் ஹோஸ் வேண்டாம்.

'புதுசுதான் நல்லது' என்று டபிள்யூஎஸ் ஊற்றுவது

டெக்ஸ்ரான் 3 என்ற எண்ணெய் ரகத்தைக் கேட்கும் பெட்டிக்கு டெக்ஸ்ரான் 3-க்கு ஈடானதே போதும். டொயோட்டாவின் டபிள்யூஎஸ் எண்ணெய் மெல்லியது, வேறு பெட்டிக்கானது.

ஒரு தடவை வடித்துவிட்டு 'மாற்றியாச்சு' என்பது

ஏ340-இல் ட்ரெயின் பிளக்கைத் திறந்தால் வருவது சுமார் 2 லிட்டர். மீதி கன்வெர்ட்டரிலும் (எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் பாகம்) குழாய்களிலும் தங்கிவிடும். சில நூறு கிலோமீட்டர் இடைவெளி விட்டு இரண்டு மூன்று தடவை வடித்து ஊற்றுங்கள். கருகிய எண்ணெயில் ஓடிய பெட்டிக்கு மெஷினில் அழுத்தி ஃப்ளஷ் செய்யச் சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

பேனுக்குச் சிலிக்கானை அள்ளிப் பூசுவது

பேனை ஒட்டும்போது பிதுங்கி உள்ளே விழும் சிலிக்கான் ஃபில்டரை அடைக்கும். மெல்லிய ஒரு கோடு, போல்ட்டுக்கு 7 நியூட்டன் மீட்டர் சொச்சம்.

சேற்றில் ஹை ரேஞ்ச்

கன்வெர்ட்டர் லாக் ஆகாமல் வழுக்கும்போதுதான் சூடு ஏறுகிறது. கடற்பாலத்து நெரிசல் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. சேறு வருமுன்பே ஹை ரேஞ்சை விட்டு எல்4-க்கு (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் லோ ரேஞ்ச்) மாறுங்கள். வெப்பமானி பேனில் 120 டிகிரியைத் தாண்டினால் நின்று 'என்'-இல் போட்டு, எஞ்சினை ஓடவிடுங்கள். அணைத்தால் பம்ப் நிற்கும், கூலருக்கு எண்ணெய் போகாது.

தேய்ந்த பெட்டிக்கு ஷிஃப்ட் கிட்

எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு பாடியை மாற்றியமைத்து கியரை இறுக்கமாக விழ வைக்கும் பாகங்கள் இவை. வேண்டாம். தட்டு போனதற்கு வால்வு பாடி மருந்தாகாது.

ப்ரீதர் குழாய்

பெட்டி மூச்சுவிடும் குழாய் இது. சூடான பெட்டி ஆற்றில் இறங்கியதும் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, இந்தக் குழாய் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். ஹோஸை நீட்டிப் பானெட்டுக்கு அடியில் ஃபயர்வாலின் (எஞ்சினுக்கும் உள்ளறைக்கும் இடையிலான தடுப்பு) உச்சியில் கட்டுங்கள், அரை மணி நேர வேலை.