தாத்தாவின் துருப்பிடித்த ரெட்டைக்குழல் துப்பாக்கி

பெங்களூருவில் இருக்கும் உங்களுக்குத் தாத்தாவின் பழைய துப்பாக்கி வந்திருக்கிறது; துருவை எடுத்துச் சுடலாமா என்பதுதான் கேள்வி. முதலில் காகித வேலை. பெங்களூரு போலீஸ் கமிஷனர் அலுவலகத்தில் உங்கள் பெயருக்கு உரிமம் கிடைக்கும்வரை துப்பாக்கி காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ இருக்கட்டும். 1959 ஆயுதச் சட்டத்தோடு விளையாட வேண்டாம்.

கைக்கு வந்ததும் மடித்துத் திறந்து, இரண்டு அறைகளும் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) காலிதானா என்று பாருங்கள். குழலைக் கழற்றி, துருவின்மேல் மெல்லிய எண்ணெய் தடவி ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு எண்ணெயோடு 0000 ஸ்டீல் வூலால் (மிக நைசான எஃகு நார்) தேயுங்கள், அழுத்தாமல். உப்புத்தாளும் வினிகரும் துருவோடு, குழலைக் காக்கும் நீலப்பூச்சையும் தின்றுவிடும்.

குழலை நூலில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டுங்கள். மணிபோல் கணீரென்றால் நல்லது. 'டொக்' என்றால் இரு குழலையும் சேர்க்கும் பற்றவைப்பு விட்டிருக்கலாம். உள்ளே குழி விழுந்திருந்தால் சுடவே கூடாது. இன்னொன்று: 2½ அங்குல அறைக்குள் 2¾ அங்குலத் தோட்டாவும் நுழையும்; சுடும்போது தோட்டாவின் மடிந்த வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.