ஹார்ன் ஸ்பீக்கருக்கு நல்ல கம்ப்ரஷன் டிரைவர் எடுக்குறது எப்பிடி? முதல்முறையா கட்டுறவங்களுக்கு

போன மாசம் தக்கலையில இருந்து அக்கா மவன் வீட்டுக்கு வந்தான், வந்ததும் செல்போன நீட்டி "மாமா, 4 இன்ச் டைட்டானியம் டிரைவர் ஒரு ஜோடி வந்திருக்கு, எடுக்கட்டா"ன்னு கேட்டான். எந்த ஹார்ன்ல மாட்டப் போற மக்கான்னு கேட்டேன். "அத பொறவு பாத்துக்கலாம்"னு சொன்னான். அன்னைக்கு ராத்திரி அவன உக்கார வச்சு சொன்னதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா முதல் தடவ கட்டுற பயலுவ நெறைய பேரு இதே எடத்துலதான் காச விடுறாங்க.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல கம்ப்ரஷன் டிரைவர பாக்காத ஆளே கிடையாது. கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் தென்னை மரத்துல குழாய் ஸ்பீக்கர் கட்டுவாங்கல்லா, அதுக்குப் பின்னால உருண்டையா ஒண்ணு திருகி வச்சிருக்கும், மைக் செட்காரங்க யூனிட்டுன்னு சொல்லுவாங்க, அதாக்கும் கம்ப்ரஷன் டிரைவர். வீட்ல பாட்டு கேக்க எடுக்குற நல்ல டிரைவரும் உள்ளுக்குள்ள அதே சங்கதிதான், செய்நேர்த்தியும் பொருளும்தான் வேற.

பின்மூடிய கழட்டுனா கிண்ணத்த கவுத்து வச்ச மாதிரி மெல்லிசா ஒரு டயாஃப்ரம் இருக்கும், அதோட விளிம்புல காயில், அந்த காயில் காந்தத்தோட இடுக்குல நிக்கும். டயாஃப்ரத்துக்கு முன்னால ஃபேஸ் பிளக்குன்னு ஒரு கட்டை, அதுல வட்டம் வட்டமா இல்லன்னா சக்கரத்து ஆரம் மாதிரி ஒடுக்கமான வழி வெட்டியிருக்கும். பெரிய டயாஃப்ரம் தள்ளுற காத்து தொண்டைன்னு சொல்லுற சின்ன வெளிவாசல் வழியா நெருங்கி வெளிய வரணும், அதனாலதான் கம்ப்ரஷன்னு பேரு. ஃபேஸ் பிளக் எதுக்குன்னா, 10,000 ஹெர்ட்ஸ் சத்தத்தோட அலை நீளம் வெறும் 3.4 சென்டிமீட்டர், 4 இன்ச் டயாஃப்ரம் குறுக்கால 10 சென்டிமீட்டர் வருது, அப்பம் நடுவுல இருந்து வர்ற சத்தமும் ஓரத்துல இருந்து வர்ற சத்தமும் வேற வேற நேரத்துல தொண்டைக்கு வந்தா ஒண்ண ஒண்ணு அழிச்சிரும். எல்லா வழியையும் ஒரே நீளமாக்கி விடுறதுதான் அந்த கட்டையோட வேலை. 1926ல பெல் லேப்ஸ்ல வென்டே, துராஸ்னு ரெண்டு பேரு உருவாக்குன வெஸ்டர்ன் எலக்ட்ரிக் 555, பேசும்படம் வந்த காலத்துல தியேட்டர்ல ஓடுன டிரைவர், அதுலயும் இதே வித்தைதான்.

1. முதல்ல ஹார்ன், அதுக்கு முன்னால வூஃபர்

டிரைவர் பேர தேடுறதுக்கு முன்னால ஒரு பேப்பர எடுத்து, வூஃபர், அதாவது கீழ் சத்தத்த பாடுற பெரிய ஸ்பீக்கர், எத்தன ஹெர்ட்ஸோட நிக்கப் போகுதுன்னு எழுதுங்க. 15 இன்ச் வூஃபர்னா அதோட கோன் குறுக்கால சுமார் 33 சென்டிமீட்டர் வரும், ஒரு நொடிக்கு 340 மீட்டர் போற சத்தத்துக்கு அது சுமார் 1000 ஹெர்ட்ஸோட அலை நீளம், அதுக்கு மேல போனா வூஃபர் நேரா டார்ச் அடிச்ச மாதிரி முன்னால மட்டும் பாடும், சைடுல உக்காந்தவனுக்கு மங்கலாத்தான் கேக்கும். அதனால 15 இன்ச் வூஃபரோட சேத்து வைக்கிற டிரைவரும் ஹார்னும் 800, 900 ஹெர்ட்ஸ் வரைக்காவது நிம்மதியா எறங்கி வரணும். 10 இன்ச், 8 இன்ச் வூஃபர்னா 1500, 1600ல வூஃபர்ல இருந்து டிரைவருக்கு கைமாத்தலாம் (இந்த கைமாத்துற எடத்தத்தான் கிராஸ்ஓவர்னு சொல்லுவாங்க), அப்பம் சின்ன 1 இன்ச் தொண்டை டிரைவரே தாராளமா போதும்.

ஹார்ன் எவ்வளவு பெருசு வேணும்னா, வாயோட சுத்தளவு நீங்க எறங்குற ஃப்ரீக்வென்சியோட அலை நீளம் அளவுக்காவது வேணும். 500 ஹெர்ட்ஸுக்கு அலை நீளம் 68 சென்டிமீட்டர், அதாவது வாய் குறுக்கால 22 சென்டிமீட்டர். இது குறைஞ்சபட்ச கணக்குதான், இப்பிடி ஒரு ஹார்ன 500லயே ஓட்டக் கூடாது, 700, 750ல இருந்து எடுத்தாத்தான் சுத்தமா இருக்கும். ஹார்னோட பிடி இருக்குற வரைக்கும் ஃப்ரீக்வென்சி பாதியானா டயாஃப்ரம் ரெட்டிப்பா ஆடும், பிடி விட்டுப் போச்சுன்னா அத விட ரொம்ப கூடுதலா ஆடும், டயாஃப்ரத்தோட ஓரம் கிழியிறது அங்கதான். எவ்வளவு வெலை குடுத்து வாங்குன டிரைவரா இருந்தாலும் ஹார்ன் சின்னதுன்னா அத காப்பாத்த முடியாது, இது மட்டும் மனசுல நின்னா போதும்.

2. தொண்டை அளவு

1 இன்ச், 1.4 இன்ச், 1.5 இன்ச், 2 இன்ச்னு வரும். பெரிய தொண்டைன்னா கீழ நல்லா எறங்கும், மேல விரியாது. 2 இன்ச் தொண்டை குறுக்கால 5 சென்டிமீட்டர், 6800 ஹெர்ட்ஸ் தாண்டுனா அலை தொண்டைய விட சின்னதாயிரும், பொறவு ஹார்ன் எவ்வளவு அகலமா விரிஞ்சிருந்தாலும் சத்தம் கம்பி மாதிரி நேரா போகும். 1 இன்ச்சுல இந்த எல்லை 13,600 ஹெர்ட்ஸ் பக்கம். நம்ம வீட்டு ஹால்ல 3 மீட்டர் தூரத்துல உக்காந்து கேக்குறவனுக்கு, வூஃபர் ஒண்ணு டிரைவர் ஒண்ணுன்னு ரெண்டு வழி சிஸ்டம் கட்டுறதா இருந்தா, 1.4 இன்ச் நல்ல நடுவழின்னு நெனைக்கேன். 2 இன்ச் எடுத்தா மேல் சத்தத்துக்கு தனியா ட்வீட்டர்னு ஒரு சின்ன ஸ்பீக்கர் வேணும்னு ஆசை வரும், அது மூணு வழி ஆயிரும், முதல் தடவ அந்த வேலைக்கு போவண்டாம்.

மாட்டுற விதமும் பாத்துக்கோங்க. 1 இன்ச்சுல திருகுற வகை உண்டு, 76 மில்லிமீட்டர் இடைவெளியில ரெண்டு போல்ட் போடுற வகையும் உண்டு. ஹார்ன் ஒண்ணு டிரைவர் ஒண்ணுன்னு வாங்கிட்டு அடாப்டர் தேடி அலையிறதுக்கு முன்னால கேட்டுருங்க.

3. டயாஃப்ரம் எதுல செஞ்சது

வெலையில பாதி வித்தியாசம் இங்கதான் வருது, கட்டுக்கதையும் இங்கதான் கூடுதல்.

குளச்சலுக்கு பக்கத்துல மணவாளக்குறிச்சி கடற்கரையில மணல ஒரு கை அள்ளிப் பாருங்க, வெயில்ல கருப்பா மினுங்கும், கனமாவும் இருக்கும். அந்தக் கருப்பு இல்மனைட், டைட்டானியத்தோட தாது. அதுலயே தேன் நிறத்துல மோனசைட்டும் கெடக்கு, 1909ல ஷோம்பெர்க்னு ஒரு ஜெர்மன்காரர் நம்ம பக்கத்து கயிறுல ஒட்டியிருந்த மணல்ல கண்டுபிடிச்சது, நியோடிமியம் காந்தத்துக்கு வேண்டிய நியோடிமியம் அதுக்குள்ள உண்டு. டைட்டானியம் டயாஃப்ரம், நியோடிமியம் காந்தம்னு எங்கயோ உள்ள பொருள் மாதிரி பேசுறோம், ரெண்டுக்கும் உள்ள மூலப்பொருள் நம்ம காலுக்கு அடியில கெடக்கு. எனக்கு இத நெனைக்கும்போதெல்லாம் ஒரு சந்தோஷம்.

இப்பம் விஷயத்துக்கு வருவோம். அலுமினியத்த விட டைட்டானியம் கடினம்னு எல்லாரும் சொல்லுவாங்க, உண்மைதான், ஆனா கனமும் கூடுதல். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், டைட்டானியம் 4.5 கிராம். எடைக்கு ஏத்த விறைப்புன்னு பாத்தா ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான், ரெண்டுக்குள்ளயும் சத்தம் நொடிக்கு சுமார் 5000 மீட்டர் வேகத்துலதான் ஓடும். டைட்டானியத்தோட லாபம் வேற, அது ஆடி ஆடி தளர்ந்து சீக்கிரம் கிழியாது, மேடையில ராத்திரி முழுக்க ஓடுனாலும் தாங்கும், அதனாலதான் பெரிய மேடை கம்பெனிங்க பல பேரு அதுக்கு மாறினாங்க. ஜேபிஎல் கம்பெனியோட 2441 அலுமினியம், 2445 டைட்டானியம், ரெண்டும் 4 இன்ச் டயாஃப்ரம், 2 இன்ச் தொண்டை. வீட்ல மெதுவா கேக்குறவன் பழைய அலுமினியத்தையே விரும்புறது உண்டு, அதுல தப்பு ஒண்ணும் இல்ல.

பெரிலியம்தான் நெசமாவே வேற ஜாதி. 1.85 கிராம்தான் கனம், விறைப்போ டைட்டானியத்தப் போல ரெண்டரை மடங்கு, சத்தம் அதுக்குள்ள நொடிக்கு 12,000 மீட்டருக்கு மேல ஓடும். அதனால டயாஃப்ரம் துண்டு துண்டா தனித்தனியா ஆட ஆரம்பிக்குற எடம் ரொம்ப மேல போயிரும், காதுக்கு எரிச்சல் குறையும். பயனியரோட டிஏடி கம்பெனி டிடி-4001 4 இன்ச் பெரிலியம், டிடி-2001 2 இன்ச் பெரிலியம். டிரூஎக்ஸ்டென்ட்னு பெரிலியம் டயாஃப்ரம் தனியாவும் வருது, பழைய ஜேபிஎல் 4 இன்ச் டிரைவர்ல மாட்டிக்கலாம். ஒண்ணு கவனமா கேட்டுக்கோங்க, பெரிலியம் தூள் நுரையீரலுக்கு வெஷம். உடைஞ்சு போன பெரிலியம் டயாஃப்ரத்த தொடாண்டாம், தூத்தாண்டாம், ஊதாண்டாம், பிள்ளைங்க ஓடுற வீடுன்னா இத யோசிச்சுட்டு வாங்குங்க.

பிளாஸ்டிக் வகைய மட்டமா நெனைக்காதீங்க. பி அண்ட் சி டிஇ250ல பாலிஇமைடு டயாஃப்ரம், 1 இன்ச் தொண்டை, 44 மில்லிமீட்டர் காயில், முதல்முறை கட்டுறவனுக்கு இத விட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிஞ்சு கிடையாது. பிஎம்எஸ் கம்பெனி பாலியஸ்டர் வளையத்த வச்சு செய்யிது, ஒரே டிரைவருக்குள்ள ரெண்டு வளையம் வச்சு நடு சத்தத்தையும் மேல் சத்தத்தையும் பிரிச்சு எடுக்குற மாடலும் உண்டு. மெதுவான பொருள்ல உள் அதிர்வு சீக்கிரம் அடங்கும், குரல் கொள்ளாம்னு கேக்கும்.

4. ஸ்பெக் தாளுல என்ன பாக்கணும்

வாட்டப் பாத்து மயங்காதீங்க. ஹார்னோட சேந்த டிரைவர் 1 வாட்டுக்கு 1 மீட்டர்ல 108 டிபி (டெசிபல்) போடும், வீட்ல அது காத அடைக்குற சத்தம், சாதாரணமா கேக்கும்போது ஒரு வாட்டுல பத்துல ஒரு பங்கு கூட ஓடாது. பாக்க வேண்டியது, அந்த வாட்ட எந்த ஃப்ரீக்வென்சிக்கு மேல சொல்லியிருக்காங்கன்னு, உங்க கிராஸ்ஓவர் அதுக்கு மேல இருக்கணும்.

இன்னொண்ணு பலருக்குத் தெரியாது. வூஃபர் 95 டிபி, டிரைவர் 108 டிபின்னா 13 டிபி குறைக்கணும். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால சத்தத்த டிஜிட்டலா பிரிச்சுக் குடுக்குற டிஎஸ்பியில குறைச்சா பாட்டு மட்டும்தான் குறையும், ஆம்ப்ளிஃபயரோட 'ஸ்ஸ்'ங்கிற இரைச்சல் அப்பிடியே 108 டிபி டிரைவர்ல வந்து நிக்கும், ராத்திரி பாட்டு நின்னதும் பக்கத்துல யாரோ மூச்சு விடுற மாதிரி கேக்கும். ஆம்ப்ளிஃபயருக்கும் டிரைவருக்கும் நடுவுல ரெசிஸ்டர் வச்சு எல்-பேட் போட்டா இரைச்சலும் சேந்து எறங்கும். அதனால அந்த 13ல ஒரு 10 டிபிய ரெசிஸ்டர்லயே கொறைங்க.

5. பழைய டிரைவர்னா சோதிக்காம காசு குடுக்காதீங்க

நான் பல வருஷம் முன்னால வெளியூர்ல ஒரு ஆளுகிட்ட 4 இன்ச் ஜோடி வாங்குனேன், ரெண்டும் ஒரிஜினல்னு சத்தியம் பண்ணி குடுத்தாரு. வீட்ல வச்சு கேட்டா பாடகி ரெண்டு ஸ்பீக்கருக்கும் நடுவுல நிக்காம எப்பவும் இடது பக்கமே சாஞ்சு நிக்கா. கீழ இருந்து மேல வரைக்கும் ஏறிக்கிட்டே போற ஸ்வீப் சத்தத்த ஓட்டிப் பாத்தேன், வலதுல 6000 ஹெர்ட்ஸ் தாண்டுனதும் சத்தம் விழுந்து போகுது. பின்மூடிய கழட்டுனேன், இடதுல டயாஃப்ரம் ஓரம் முழுக்க வைர வைரமா மடிப்பு, வலதுல சும்மா வட்ட வரிதான், யாரோ டூப்ளிகேட் மாட்டியிருக்கான். அந்த ஆளு பொறவு போனே எடுக்கல. மூணு மாசம் நான் ரூமையும் கேபிளையும் குறை சொல்லிக்கிட்டு இருந்தேன், அதுதான் இப்பவும் வருத்தம்.

அதனால மல்டிமீட்டர கையில கொண்டு போங்க. 8 ஓம் டிரைவர்ல அஞ்சு ஓம்ல இருந்து ஏழு ஓமுக்குள்ள காட்டணும், முக்கியமா ரெண்டும் ஒண்ணுபோல காட்டணும். மெதுவான வால்யூம்ல, கெப்பாசிட்டர் வச்சு, ஸ்வீப் ஓட்டுங்க, கரகரன்னு உரசல் கேட்டா காயில் இடுக்குல சாஞ்சிருக்கு. பின்மூடிய கழட்ட விடாத ஆளுகிட்ட வாங்காதீங்க. நம்ம கடல் காத்து வேற இருக்கு, நியோடிமியம் காந்தத்துல மேல்பூச்சு உரிஞ்சா உள்ள துரு பிடிச்சு பொடியும், குளச்சல், முட்டம் பக்கம் ஓடுன செட்டுல இருந்து வந்த டிரைவர்னா இத ரெண்டு தடவ பாருங்க.

6. காதால கேட்டு முடிவு பண்ணுங்க

எனக்கு வில்லுப்பாட்டுதான் தராசு. ஏதாவது கொடையில நல்லா பதிவு பண்ணுன ஒண்ண எடுத்துக்கோங்க. வில்லுல கட்டுன மணி ஒவ்வொண்ணும் தனித்தனியா கேக்கணும், வீசுகோல் பட்டதும் மணி சத்தம் எழும்பி மெதுவா கரையணும், தகரத்துல கல்லு விழுந்த மாதிரி ஒண்ணா மொத்தமா கேட்டா மேல் சத்தத்துல டயாஃப்ரம் துண்டு துண்டா ஆடுது. குடத்துல அடிக்கிற சத்தம் வூஃபருக்கும் ஹார்னுக்கும் நடுவுல பிரிஞ்சு கேட்டா கிராஸ்ஓவர் சரியில்ல, டிரைவர திட்டாண்டாம். புலவர் குரல் உச்சத்துல போகும்போது காது சுருங்கக் கூடாது.

7. மாட்டும்போது

டிரைவர ஆம்ப்ளிஃபயர்ல நேரா குடுக்காதீங்க, டிஎஸ்பி இருந்தாலும் குடுக்காதீங்க. ஆன் பண்ணும்போது வர்ற ஒரு 'டப்' போதும், டயாஃப்ரம் போயிரும். தொடர்ல ஒரு ஃபிலிம் கெப்பாசிட்டர் வைங்க, கிராஸ்ஓவர்ல பாதி ஃப்ரீக்வென்சி கணக்கு. 8 ஓமுக்கு 20 மைக்ரோஃபேரட்னா 1000 ஹெர்ட்ஸ், 40 மைக்ரோஃபேரட்னா 500. அப்பம் 1000 ஹெர்ட்ஸ் கிராஸ்ஓவருக்கு 40 வைங்க. பிளஸ் மைனஸ் போட்ட சாதா எலக்ட்ரோலைட்டிக் வேண்டாம்.

பொறவு ஹார்னையும் டிரைவரையும் சேக்குறதுக்கு முன்னால ஒரு வேலை. காஸ்கட்ட வச்சு போல்ட்ட குறுக்கும் நெடுக்குமா கொஞ்சம் கொஞ்சமா முறுக்குங்க, முறுக்கிட்டு ஹார்ன் வாய் வழியா கைய விட்டு தொண்டை சேருற எடத்த விரலால சுத்தி தடவிப் பாருங்க. காஸ்கட் உள்ள நீட்டிக்கிட்டு நின்னாலும், ஒரு மில்லிமீட்டர் படி மாதிரி தட்டுனாலும், கழட்டி சரி பண்ணிட்டு திரும்ப முறுக்குங்க. அக்கா மவன் போன ஞாயித்துக்கிழம 1.4 இன்ச் ஜோடிய அப்பிடித்தான் மாட்டுனான், நாலு தடவ கழட்டுனான், அஞ்சாவது தடவ விரல் தட்டல.