அனிமல் கிராசிங்கில் நீந்தவும் முங்கவும் என்ன செய்யணும்

நிண்டெண்டோ ஸ்விட்ச் கருவியில் ஓடும் அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் என்ற வீடியோ கேமைப் புதுசாக ஆரம்பித்த நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் முதலில் கேட்பது, தீவைச் சுற்றி இத்தனை கடல் கிடக்கிறதே, கால் வைக்க விடமாட்டேங்குதே என்பதுதான். இறங்கலாம் மக்களே. நீச்சல் உடை ஒன்று வேணும், அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் அப்டேட் இருக்கிறதா என்று பாருங்கள். 2020 மார்ச்சில் விளையாட்டு வந்தபோது நீச்சல் கிடையாது, அதே வருஷம் ஜூலை 3-ல் வந்த 1.3.0 அப்டேட்டில்தான் சேர்த்தார்கள். பழைய கார்டு வாங்கி நெட் இல்லாமல் ஓட்டுகிறவர்களுக்கு உடையே கண்ணில் படாது. ஸ்விட்ச் முகப்பில் விளையாட்டுப் படத்தின் மேல் நின்று பிளஸ் பட்டனை அழுத்தினால் சாப்ட்வேர் அப்டேட் வரும்.

உடை இரண்டு இடத்தில் கிடைக்கும். நூக்ஸ் கிரானி கடையில் 3,000 பெல் (விளையாட்டுக்குள் ஓடும் காசு), கடை காலை 8 முதல் இரவு 10 வரை. கடை இன்னும் கட்டவில்லையா, தீவின் ஆபீஸான ரெசிடென்ட் சர்வீசஸில் இருக்கும் நூக் ஸ்டாப் மெஷினில், விளையாடிச் சேர்க்கும் பாயிண்டான மைல்ஸ் 800 கொடுத்து வாங்கலாம். முகத்தில் மாட்டும் ஸ்நார்க்கல் வெறும் அழகுக்குத்தான், அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

உடையைப் போட்டுக்கொண்டு தண்ணீர் பக்கம் திரும்பி நின்று ஏ பட்டன், சரி, இறங்கியாச்சு. ஏ-யைத் திரும்பத் திரும்ப அழுத்தினால் வேகமாக நீந்தும். முங்குவதற்கு ஒய்.

இனிதான் விஷயமே. நீரில் குமிழி கிளம்பும் இடத்தில் கீழே கறுப்பாக ஒரு நிழல் இருக்கும். கண்டதும் ஏ-யைத் தட்டிக்கொண்டு பாய்வதுதான் எல்லாரும் செய்வது, அப்படிப் போனால் திருப்ப முடியாமல் நிழலைத் தாண்டிப் போய்விடுவோம், திரும்பி வருவதற்குள் மூச்சும் தீர்ந்துவிடும். கடியபட்டினத்தில் சிப்பி எடுக்க முங்குகிறவர்கள் மேலேயே நின்று பாறையைப் பார்த்துவிட்டுத்தானே தலையைக் கீழே விடுவார்கள், அதே மாதிரி நிழலுக்கு நேர் மேலே மெதுவாக வந்து நின்று ஒய் அழுத்துங்கள். கீழே போனபின் ஏ-யைத் தொட வேண்டாம், ஸ்டிக்கை மட்டும் திருப்பினால் போதும், நிழலைத் தொட்டதும் தானாகக் கைக்கு வந்துவிடும். மூச்சு முடிந்தால் ஆள் மேலே வந்துவிடுவார், எதுவும் தொலையாது, தைரியமாக முங்கலாம்.

மொத்தம் 40 கடல் உயிர்கள், ஒவ்வொன்றுக்கும் மாதமும் நேரமும் உண்டு. தொடக்கத்தில் வட அரைக்கோளம் என்று தேர்ந்தெடுத்திருந்தால் நம்ம ஊர்ச் சிப்பி மாதிரியான மஸ்ஸல் ஜூனிலிருந்து டிசம்பர் வரை, 1,500 பெல். சிங்கி இறால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதுவும் இரவு 9-க்கு மேல்தான், 5,000 பெல். கடல் அட்டை 500-தான் தரும். நிஜக் கடலில் 2001 முதல் வனவிலங்குச் சட்டப்படி அதை எடுக்கவே கூடாது என்பதை, உங்களோடு சேர்ந்து விளையாடுகிற சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். எதுவானாலும் முதலில் கிடைப்பது மியூசியத்து ஆந்தை பிளாதர்ஸுக்கு, அடுத்ததை விற்கலாம்.

ஸ்கேலப் என்ற சிப்பி வகை கிடைத்தால் மட்டும் விற்கும் நினைப்பே வேண்டாம். வருஷம் முழுக்க எந்த நேரமும் கிடைக்கும், 1,200 பெல்தான், ஆனால் அதைப் பிடித்ததும் பாஸ்கல் என்ற கடல் நீர்நாய் பக்கத்தில் வந்து தருவாயா என்று கேட்கும். கொடுத்தால் கடற்கன்னி வகைச் சாமான் செய்முறையோ உடுப்போ முத்தோ தரும். ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வரும், அந்த முத்து இல்லாமல் கடற்கன்னி மேஜை நாற்காலி எதுவும் செய்யவும் முடியாது.

அப்புறம், மே முதல் செப்டம்பர் வரை பெரிய நிழல் ஒன்று அம்பு மாதிரி ஓடும். ராட்சதச் சிப்பி அது, 15,000 பெல். பின்னாலேயே துரத்தாமல், நீந்தும் எல்லையைக் காட்டும் மிதவைக் கோட்டுப் பக்கம் ஒதுக்குங்கள், அதற்கு மேல் அதனால் ஓட முடியாது.