ரேயானா காட்டனா? வெட்டும் முன் நூலை நனைத்துப் பாருங்கள்

போன தீபாவளிக்கு அக்கா மகளுக்குப் பாவாடை தைத்தேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீட்டர் 6 வெள்ளிக்கு 'காட்டன்' என்று வாங்கிய துணி. முதல் துவைப்பிலேயே கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. ஈரத்தோடு முறுக்கிப் பிழிந்ததில் இடுப்புத் தையலோரம் கிழிந்தும் போனது. பிள்ளை அழுதது இன்னும் மனதில் நிற்கிறது. அது விஸ்கோஸ் ரேயான், மரக்கூழிலிருந்து செய்யும் துணி.

படி 1: துணியின் நீளவாக்கில் ஒரு நூலும் அகலவாக்கில் ஒரு நூலும் உருவுங்கள். இரண்டும் வேறு வேறு நாராக இருக்கலாம்.

படி 2: நூலை இடுக்கியில் பிடித்து மெழுகுவத்தியில் காட்டுங்கள். லைட்டர் வேண்டாம், ஒரு கை அதற்கே போய்விடும். உருகிக் கறுப்பு மணியாக இறுகினால் பாலியெஸ்டர். காகிதம் எரியும் வாசனையும் மெல்லிய சாம்பலும் வந்தால்? நான் காட்டன் என்று முடிவு கட்டியது இங்கேதான். ரேயானும் காட்டனைப் போலச் செல்லுலோஸ்தான் (செடிகளின் நார்ப்பொருள்), அப்படியேதான் எரியும்.

படி 3: இதை அவசரப்படாமல் செய்யுங்கள். ஒரு சாண் நூலின் நடுவில் மட்டும் ஈர விரலால் தடவுங்கள். இரண்டு முனையையும் பிடித்து மெதுவாக இழுங்கள். நனைந்த இடத்திலேயே பொசுக்கென்று அறுந்தால் ரேயான். காட்டன் நூல் ஈரத்தில் இன்னும் உறுதியாகும். காய்ந்த பக்கம்தான் அறும். மூன்று நான்கு நூலிலாவது பாருங்கள்.

காரணம் நார் பிறந்த விதம். மரக்கூழைக் காரத்தாலும் கார்பன் டைசல்பைடாலும் பதப்படுத்திக் கரைத்து, அமிலத் தொட்டிக்குள் நுண்துளை வழியே பீய்ச்சி இழையாக்குகிறார்கள். 1892இல் இங்கிலாந்தில் கிராஸ், பெவன், பீடில் காப்புரிமை பெற்ற முறை. அதில் செல்லுலோஸ் சங்கிலிகள் குட்டையாகி, நெருக்கமாக அடுக்கப்படாமல் நிற்கும். தண்ணீர் இடையில் புகுந்து பிணைப்பைத் தளர்த்திவிடும். ஈரத்தில் பாதி பலம்கூடப் போகலாம். ஆனால் அந்த இடைவெளிதான் வியர்வையையும் இழுக்கிறது. காற்றிலிருந்தே காட்டன் 7-8% ஈரம் பிடிக்கும், ரேயான் 11-13%. நம் வெயிலுக்கு அதைவிட என்ன வேண்டும்?

படி 4: ரேயான் என்றால் வெட்டும் முன் அரை மணி நேரம் பச்சைத் தண்ணீரில் ஊறவையுங்கள். பிழியாதீர்கள், துண்டில் சுருட்டி அழுத்தி, நிழலில் படுக்கையாக உலர்த்துங்கள். நான் 100 செ.மீ. குறித்துப் பார்த்தேன், 94 ஆனது. அப்புறம் உள்பக்கமாக மிதமான சூட்டில் இஸ்திரி போட்டு வெட்டுங்கள்.

பின்சேர்க்கை: மூங்கில் துணி பற்றி ஒரு தங்கை கேட்டிருந்தார். கடையில் கிடைக்கும் மென்மையான மூங்கில் துணி பெரும்பாலும் விஸ்கோஸ்தான், அதே கவனம் வேண்டும். லையோசெல் (மரக்கூழிலிருந்தே வேறு முறையில் செய்யும் நார்) வேறு, அது ஈரத்திலும் நன்றாகத் தாங்கும், அதனால் படி 3இல் காட்டன் போலவே ஏமாற்றலாம். அதையும் ஊறவைத்தே வெட்டுங்கள்.