விற்பனைக்கு ஆள் எடுக்கும் பரீட்சை: எங்கே சறுக்குகிறோம்?

ஹட்டன், பண்டாரவளை, கம்பளைப் பக்கம் சரக்கு விநியோகம் எடுத்து நடத்துகிறவர்கள், லீசிங் கிளை வைத்திருப்பவர்கள், காப்புறுதிக்கு ஆள் சேர்ப்பவர்கள் மேசையில் இப்போது ஒரு புதுவகை அறிக்கையைப் பார்க்க முடிகிறது. வேலை கேட்டு வந்த பிள்ளை போனில் அரை மணித்தியாலம் எதையோ தட்டியிருக்கும். மறுநாள் கொழும்பிலிருந்து வண்ண வண்ணமாக ஒரு பீடிஎஃப் வந்திருக்கும். 'விற்பனைக்கு 82 வீதம் பொருத்தம்' என்று அதில் பெரிய எழுத்தில் போட்டிருக்கும். எதில் 82, யாரோடு ஒப்பிட்டு 82 என்று கேட்டால் அனுப்பியவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது.

இந்தச் சைக்கோமெட்ரிக் டெஸ்ட், அதாவது குணத்தையும் அறிவுத்திறனையும் புள்ளி போட்டு அளக்கும் பரீட்சை, எல்லாமே வெறும் வேடிக்கை என்று தள்ளிவிடவும் முடியாது. ஒழுங்காகச் செய்த பரீட்சைக்குப் பயன் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் காரியம் கெடுவது பரீட்சையை வாங்குவதற்கு முன்னாலேயே. நம்முடைய ரூட்டில் 'நன்றாக விற்பது' என்றால் என்ன என்று தீர்மானிக்காமல், அப்படி விற்கப்போகிற ஆளைத் தேடிக் கிளம்பிவிடுகிறோம்.

விற்பனைத் தொகையை வைத்தே கெட்டிக்காரனை முடிவு செய்வது

மஸ்கெலியா ரூட்டை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை சிவனொளிபாதமலைப் பருவம். நல்லதண்ணி வரைக்கும் இரவு பகலாக ஆட்கள் போய் வருவார்கள். தண்ணீர்ப் போத்தலும் பிஸ்கட்டும் டோர்ச் பற்றரியும் தானாகவே போகும். அந்த மாதங்களில் அந்த ரூட்டில் யாரை விட்டாலும் டார்கெட் அடிப்பான். ஜூன் வந்ததும் யாத்திரிகர் கூட்டம் இல்லை, தென்மேற்குப் பருவமழை வேறு. அதே ரெப் (கடை கடையாகப் போய் ஓர்டர் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதி), அதே சைக்கிள், அதே பேச்சு. விற்பனை மட்டும் விழுந்துவிடும். ஏப்ரலில் விடுமுறைக் கூட்டம் வரும் நுவரெலியாவிலும் இதே கதைதான்.

தோட்டத்துக் கடைகளுக்கு வேறொரு கணக்கு. அங்கே சம்பள நாளை ஒட்டித்தான் காசு புரளும். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) ஆட்கள் கடனுக்கு எடுத்து, சம்பளம் போட்டதும் கொடுப்பார்கள். கடைக்காரர் அதற்குப் பிறகுதான் ரெப்புக்குக் கொடுப்பார். மாதக் கடைசியில் டார்கெட்டுக்காக ஒரு ரெப் பத்துப் பெட்டியை அந்தக் கடையில் இறக்கிவிட்டுப் போனால், அந்த மாதத்து அறிக்கையில் அவன்தான் முதலாம் ஆள். அடுத்த மாதம் ஆறு பெட்டி ரிட்டர்ன் வரும், செக் திரும்பும். அந்தக் கணக்கை அவன் பெயரில் யாரும் எழுதுவதில்லை.

இப்படிப்பட்ட தொகையை வைத்து ஒரு பரீட்சை 'வேலை செய்கிறதா' என்று சோதித்தால், அந்தப் பரீட்சை ரூட்டையும் பருவத்தையும் சரக்குத் திணிக்கிற கெட்ட பழக்கத்தையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கும். முதலில் அளவுகோலைச் சரி செய்ய வேண்டும். ஒரு ரெப்பின் விற்பனையை அதே ரூட்டில் போன வருடம் அதே மாதத்தில் நடந்த விற்பனையோடு ஒப்பிடுங்கள். ரிட்டர்னைக் கழியுங்கள். கடன் தவணைக்குள் எவ்வளவு காசு வந்தது என்று பாருங்கள். எத்தனை கடை இரண்டாம் முறை தானாகவே ஓர்டர் கொடுத்தது என்பதையும் சேருங்கள். இதற்கு ஒரு கொப்பியும் பேனையும் போதும். இதைச் செய்யாமல் பரீட்சைக்குக் காசு கொடுப்பது வீண்.

நம்முடைய மூன்று நட்சத்திரங்களின் அச்சு

பரீட்சை விற்கிறவர்கள் விரும்பிச் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: 'உங்கள் சிறந்த மூன்று ரெப்புக்கும் டெஸ்ட் கொடுங்கள், அவர்களைப் போலவே ஆள் தேடித் தருகிறோம்.' கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று பேருக்கும் துணிச்சலில் அதிகப் புள்ளி வந்தது, ஆகவே துணிச்சல்தான் விற்பனையின் ரகசியம் என்று முடிவுக்கு வருவார்கள்.

சரி, கடைசியில் இருக்கும் மூன்று பேருக்கு டெஸ்ட் கொடுத்தீர்களா? அவர்களுக்கும் துணிச்சல் அதே அளவு இருக்கலாம். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுப் போனவர்களுக்கு? அவர்கள் இப்போது கையில் இல்லை. விற்பனை வேலை கேட்டு வருகிறவர்களே ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருப்பார்கள். எல்லோருக்கும் பொதுவாக உள்ள குணம் நல்லவரையும் மோசமானவரையும் பிரித்துக் காட்டாது. போதாக்குறைக்கு, பத்துப் பன்னிரண்டு ரெப்பை வைத்துப் போடுகிற கணக்கில் ஓர் ஆளை மாற்றிப் போட்டாலே விடை தலைகீழாகிவிடும். சிறிய விநியோகஸ்தர் ஒருவரால் தன் ஆட்களை மட்டும் வைத்து ஒரு பரீட்சையை நிரூபிக்க முடியாது. அவர் செய்யக்கூடியது, விற்பவரிடம் பரீட்சையின் தொழில்நுட்பக் கையேட்டைக் கேட்பது. அதில் எத்தனை பேரிடம், எந்த வேலையில், எந்த மொழியில் சோதித்தார்கள் என்று இருக்க வேண்டும். கையேடு கிடையாது, அழகான விளம்பரத்தாள்தான் இருக்கிறது என்றால் அப்படியே திருப்பி அனுப்பிவிடலாம்.

வாய் உள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்ற நினைப்பு

கலகலப்பான ஆள் நன்றாக விற்பான் என்று நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. அது முழுப் பொய்யும் இல்லை. பாரிக், மவுண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1991இல் பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொறுப்புணர்வு எல்லா வகை வேலைக்கும் உதவுவதையும், புறமுகக் குணம் (ஆட்களோடு கலகலப்பாகப் பழகும் இயல்பு) விற்பனைக்கும் முகாமைத்துவத்துக்கும் ஓரளவு உதவுவதையும் கண்டார்கள். 1998இல் வின்சரும் உடன் ஆய்வாளர்களும் விற்பனையாளர்களை மட்டும் எடுத்து, இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். புறமுகக் குணத்துக்குள் இருக்கும் முனைப்பும், பொறுப்புணர்வுக்குள் இருக்கும் சாதிக்கும் வேட்கையும்தான் விற்பனையோடு சேர்ந்து போயின.

அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு முடிவு. அறிவுத்திறன் பரீட்சையில் அதிகப் புள்ளி எடுத்தவர்களை மேலதிகாரிகள் உயர்வாக மதிப்பிட்டார்கள்; ஆனால் அவர்கள் உண்மையில் விற்ற தொகைக்கும் அந்தப் புள்ளிக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. முகாமையாளருக்குப் பிடித்த ரெப் வேறு, விற்கிற ரெப் வேறு என்று ரூட்டில் போகிறவர்கள் காலங்காலமாகச் சொல்லிவருவதுதான்.

ஆடம் கிராண்ட் 2013இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே பொருந்தும். தொலைபேசியில் விற்கும் 340 பேரைப் பார்த்ததில், அதிகம் விற்றவர்கள் நடுத்தரமானவர்கள். ஒரேயடியாகக் கலகலப்பானவர்களும் பின்தங்கினார்கள், ஒரேயடியாக ஒதுங்கியிருப்பவர்களும் பின்தங்கினார்கள். ஆகவே புறமுகக் குணத்தில் 'எவ்வளவு கூடுதலோ அவ்வளவு நல்லது' என்று வரிசைப்படுத்துவது தவறு. கடைக்காரர் பேசுவதைக் கேட்காத ரெப்பை யாருக்குத்தான் பிடிக்கும்?

பரீட்சையை ஜாதகமாக்குவது

நல்ல பரீட்சைக்கும் வேலைத்திறனுக்கும் உள்ள தொடர்பு 0.3 என்று வைத்துக்கொள்வோம் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). இந்தத் துறையில் அது மோசமான எண் அல்ல. இதன் நடைமுறை அர்த்தம் இதுதான்: பரீட்சை பார்க்காமல் ஆள் எடுத்தால் நூற்றுக்கு 50 பேர் சராசரிக்கு மேலே வருவார்கள், பரீட்சையில் மேல்பாதியில் வந்தவர்களை மட்டும் எடுத்தால் ஏறக்குறைய 60 பேர். மீதி 40 பேர் அப்போதும் சராசரிக்குக் கீழேதான். பத்துப் பேர் கூடுவது நிறைய ஆள் எடுக்கிற கம்பனிக்கு நல்ல லாபம். ஆனால் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையைப் பற்றி அந்த எண் உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

அதுவும் பொறுக்கி எடுக்க ஆள் இருந்தால்தான். நான்கு இடத்துக்கு ஐந்து பேர் விண்ணப்பித்திருக்கும்போது பரீட்சை வைத்து என்ன செய்வது? அந்தக் காசில் விளம்பரத்தைத் தோட்டத்துப் பாடசாலைப் பக்கம் வரைக்கும் கொண்டுபோனால் கூடுதல் பலன்.

இதற்குக் கீழே எடுத்தால் வேலை இல்லை என்று வைக்கும் வெட்டுப்புள்ளியும் இப்படித்தான். சராசரி 50, பரவல் (புள்ளிகள் சராசரியிலிருந்து வழக்கமாக விலகி நிற்கும் அளவு) 10 என்று புள்ளி போடும் பரீட்சை ஒன்றின் நம்பகத்தன்மை (திரும்ப எழுதினாலும் புள்ளி மாறாமல் வரும் அளவு, உச்சம் 1) 0.8 என்றால், ஒரு ஆளின் புள்ளியில் நாலரை அளவுக்குப் பிழை இருப்பது சாதாரணம். 49 எடுத்தவரை அனுப்பிவிட்டு 51 எடுத்தவரை எடுத்தால், அது சீட்டுக் குலுக்கியது போலத்தான்.

எல்லாப் பெயர்போன பரீட்சையும் இதற்கானது அல்ல

மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும் மயர்ஸ்-பிரிக்ஸ் பரீட்சையை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். இருந்தும் நேர்முகத்தில் 'நீங்கள் எந்த வகை?' என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். டிஸ்க் வகைப் பரீட்சைகள் பலவற்றில் நான்கு சொற்களைக் கொடுத்து உங்களுக்கு மிகப் பொருந்துவது எது, பொருந்தாதது எது என்று கேட்பார்கள். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்தே தீரும். ஒரே ஆளுக்குள் எது தூக்கலாக இருக்கிறது என்று அது காட்டலாம். குமாரைவிட ராணிக்கு முனைப்பு அதிகமா என்று சொல்லாது. நமக்கு வேண்டியதோ அந்த ஒப்பீடுதான். மனநோயைக் கண்டறிய வைத்தியர்கள் பயன்படுத்தும் பரீட்சைகளை ரெப் வேலைக்குக் கொடுப்பது இன்னும் மோசம், அதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை.

'அறிக்கை அப்படியே என்னைச் சொல்லுது சார்' என்று பிள்ளை வியந்தால் அதை ஆதாரமாக எடுக்காதீர்கள். 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர் எல்லோருக்கும் ஒரே அறிக்கையைக் கொடுத்தார். தங்களுக்கென்றே எழுதியதாக நினைத்து அவர்கள் ஐந்துக்குச் சராசரியாக 4.26 புள்ளி போட்டார்கள். உங்கள் கையில் உள்ள அறிக்கைகளில் பெயரை மறைத்து, எது யாருடையது என்று ரெப்புகளின் மேற்பார்வையாளரைக் கேட்டுப் பாருங்கள்.

மொழி, சிக்னல், கேள்வியின் ஊர்

ஆங்கிலத்தில் நேரம் குறித்துக் கொடுத்த அறிவுத்திறன் பரீட்சை, தோட்டப் பாடசாலையில் தமிழில் படித்த பிள்ளையிடம் முதலில் ஆங்கிலத்தைத்தான் அளக்கும். பொகவந்தலாவைக் கடையில் ஆங்கிலம் தேவைப்படுவதில்லை. தமிழும் சிங்களமும் தேவை. அதைப் பேசிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம், மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் இருக்கிறதா என்று கேட்பதைப் போல.

தமிழில் கொடுத்தால் மட்டும் சரியாகிவிடாது. அறிமுகமில்லாதவர்கள் கூடும் பார்ட்டியில் நீங்கள் எப்படி என்று கேள்வி வரும். லயத்தில் வளர்ந்த பெண்பிள்ளை அப்படி ஒரு இடத்துக்கே போயிருக்காது. 'பொருந்தாது' என்று அழுத்திவிட்டுப் போகும். அதே பிள்ளை கோயில் திருவிழாவில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லியிருக்கும், மாதர் சங்கத்துக் கணக்கைக் கேட்டுக் கேள்வி எழுப்பியிருக்கும். அறிக்கையில் வருவது 'கூச்ச சுபாவம்'.

வீட்டிலிருந்து செய்யும் பரீட்சையில் இன்னொரு சிக்கல். ஒருவர் டவுனில் வைஃபையில் உட்கார்ந்து செய்கிறார். இன்னொருவர் மேல் டிவிஷனில் சிக்னல் பிடிக்கிற மேட்டில் நின்று, டேட்டா முடிவதற்குள் தட்டுகிறார். மூன்றாமவருக்குக் கம்பஸில் படிக்கும் அண்ணன் செய்து கொடுக்கிறார். மூவரின் புள்ளியையும் ஒரே வரிசையில் வைக்க முடியாது. நேரக் கணக்குள்ள பரீட்சை என்றால் எல்லோரையும் ஒரே அறைக்கு வரச் சொல்லி, பஸ் காசைக் கொடுத்துவிடுங்கள்.

குணம் பற்றிய கேள்விகளில் நல்ல பிள்ளையாக நடிப்பதும் சுலபம். 'நான் தொடங்கிய வேலையை முடிப்பேன்' என்பதற்கு வேலை தேடி வந்தவர் வேறு என்ன பதில் சொல்வார்?

பரீட்சைக்குப் பக்கத்தில் எதை வைப்பது

பால் சாக்கெட்டும் உடன் ஆய்வாளர்களும் 2022இல் பழைய கணக்குகளைத் திருத்திப் போட்டபோது, முதலிடத்துக்கு வந்தது ஒழுங்கமைத்த நேர்முகம். அதன் தொடர்பு 0.42. முன்பு 0.51 என்று சொல்லப்பட்ட அறிவுத்திறன் பரீட்சை 0.31க்கு இறங்கியது. ஒழுங்கமைத்த நேர்முகம் என்றால் எல்லோரிடமும் ஒரே கேள்வி, முன்கூட்டியே எழுதிய புள்ளித்திட்டம். 'அப்பா எந்தத் தோட்டம்?' என்று தொடங்கி ஊர்க்கதை பேசுவது அதில் சேராது.

அதோடு வேலையையே சின்னதாகச் செய்ய வைத்துப் பாருங்கள். அனுபவமுள்ள ஒரு ரெப்பைக் கடைக்காரராக உட்கார வையுங்கள். மேசையில் திகதி முடிந்த பிஸ்கட் பெட்டி நான்கு, கட்டாத பழைய பில் ஒன்று. அவர் எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொல்ல வேண்டும்: "என்னா தம்பி, போன தடவ குடுத்த பிஸ்கட்டு பூரா நமத்துப் போச்சு. ரிட்டர்ன் எடுக்கிறேன்னு சொன்ன ஆளு இந்தப் பக்கமே காணோம். இப்ப நீ புது பில்லோட வந்து நிக்கிற."

சில பேர் உடனே கம்பனியின் பெருமையைத் தொடங்குவார்கள். சில பேர் பழைய ரெப்பைத் திட்டுவார்கள். ஒருவர் பெட்டியைக் கையில் எடுத்து, திகதியைப் பார்த்து, குறித்துக்கொண்டு, "அண்ணே, நாலு பெட்டிதானா, உள்ள இன்னும் இருக்கா?" என்று கேட்பார். 'சம்பளம் போட்ட பிறகு வா' என்று கடைக்காரர் சொல்லும்போது எந்தத் திகதி என்று கேட்கிறாரா, அப்போதும் ஓர்டர் புத்தகத்தை நீட்டுகிறாரா என்றும் கவனியுங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் புள்ளி போட வேண்டும். போட்டு முடிக்கும் வரை ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. சைக்கோமெட்ரிக் புள்ளியை இவற்றுக்குப் பிறகு, மூன்றாவதாகச் சேர்த்தால் போதும்.

ஆளை எடுத்த பிறகு அந்தப் புள்ளியை ரூட் மேற்பார்வையாளரிடம் காட்டாதீர்கள். காட்டினால், புள்ளி குறைந்த பிள்ளையின் ஒவ்வொரு சறுக்கலும் அவர் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும். ஆறு மாதம் கழித்து அவர் தரும் மதிப்பீடு பரீட்சையின் எதிரொலியாகவே இருக்கும். வேலை கிடைக்காதவர்களின் அறிக்கைகளை வாட்ஸ்அப் குழுக்களில் உலவ விடுவதும் வேண்டாம். தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது ஒரு பக்கம் இருக்கட்டும். 'மன உறுதி குறைவு' என்று ஒரு பிள்ளையைப் பற்றி எழுதிய தாள் ஹட்டன் மாதிரி ஒரு டவுனில் அடுத்த கம்பனி முதலாளி கைக்குப் போக ஒரு நாள் போதும். யார் பார்க்கலாம், எந்தத் திகதியில் அழிப்போம் என்பதைப் பரீட்சை எழுத வருகிறவரிடமே முதலில் சொல்லிவிடுங்கள்.