சக்கரம் இல்லாத மண்வேலை: விரிசல் எங்கிருந்து வருகிறது?

சக்கரத்தில் ஏற்றினால் வட்டம்தான் வரும். கையால் கட்டினால் சதுரத் தொட்டியும் வரும், கோணல் மூக்குக் கூஜாவும் வரும். சக்கரம் வாங்கும் செலவும் மிச்சம். ஆனால் விரிசல் இதில் அதிகம். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஒரே பாத்திரத்தில் ஒரு பக்கம் ஈரம், மறுபக்கம் காய்ச்சல்.

கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவதைப் பாருங்கள். களிமண் காயும்போதே சுமார் 5 முதல் 8 சதவீதம் சுருங்கும். பாதி காய்ந்த கோப்பையில் பச்சைமண் கைப்பிடியை ஒட்டினால், கைப்பிடி கூடுதலாகச் சுருங்கி ஒட்டிய இடத்தில் பிளக்கும். இரண்டும் ஒரே பதத்தில், செருப்புத் தோல்போல விறைப்பாக இருக்க வேண்டும். இரு முகங்களையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, அதே மண்ணைத் தயிர்ப் பதத்தில் கரைத்துப் பூசி, லேசாக அசைத்து அழுத்துங்கள். வெறும் தண்ணீர் தடவினால் பிடிக்காது. பிறகு ஓர் இரவு முழுக்க பிளாஸ்டிக் பைக்குள் மூடி வைத்தால் ஈரம் சமமாகும்.

மண்ணைக் கயிறாக உருட்டி அடுக்குகிறவர்கள் அவசரப்பட்டு உயர்த்துவார்கள், அடி பிதுங்கிவிடும். விரல் கனத்தில் ஒரு தடவைக்கு மூன்று நான்கு சுற்று போதும். அடி இறுகட்டும், விளிம்பில் மட்டும் ஈரத்துணி கிடக்கட்டும். உள்பக்கமாவது மண்ணை இழுத்துத் தேய்த்து, சுற்றுகள் சேரும் இணைப்பை மறையுங்கள்.

தகடாகத் தேய்த்த மண்ணை ஓரம் பிடித்துத் தூக்காதீர்கள். வளைந்த இடத்தை நிமிர்த்தினாலும் சூளையில் அது திரும்ப வளையும். துணியோடு தூக்குங்கள், கனம் 6 முதல் 8 மில்லிமீட்டர். ஈரவிரலால் ஓயாமல் வழவழப்பாக்குவதும் வேண்டாம். நுண்மண் கழுவிப்போய் மணல் துருத்தும். சற்று இறுகியபின் கரண்டியின் முதுகால் தேய்ப்பதே மேல்.

சூளையில் வெடித்தால் காற்றுக் குமிழியைத் திட்டுவார்கள். உண்மையான குற்றவாளி ஈரம்: 100 டிகிரியில் நீராவியாகி, வெளியேற வழியில்லாமல் சுவரைப் பிய்க்கிறது. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குளிர்ந்தால் இன்னும் காயவில்லை. உள்ளே கூடான உருவத்துக்கு ஊசித் துளை ஒன்று கட்டாயம். அய்யனார் கோயில் குதிரை செய்யும் வேளார்கள் மண்ணில் மணலும் உமியும் கலப்பது இதற்குத்தான்: மணல் சுருக்கத்தைக் குறைக்கும், உமி மண்ணில் நுண்ணிய இடைவெளிகளை உண்டாக்கி ஈரம் வெளியேற வழிவிடும்.

முழுக்கக் காய்ந்தபின் தெரியும் விரிசலில் ஈரமண் அடைக்காதீர்கள். அது சுருங்கி மறுபடி பிளக்கும். உடைத்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள். சுடாத மண் திரும்பப் பிசைய வரும்.