ஆடிக்காற்றில் கரி ஸ்மோக்கர்: புறவாசலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் குமரி மாவட்டத்தின் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றைப் பற்றித் தோவாளை, முப்பந்தல் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பக்கமும் மலை, நடுவில் இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதற்குள் நெருக்கிக்கொண்டு நுழையும்போது வேகம் கூடிவிடுகிறது. காற்றாலைகளை அங்கே நட்டதே அதனால்தான். அதே காற்று, கரிச்சூட்டிலும் புகையிலும் இறைச்சியை மெதுவாக வேகவைக்கும் மூடிய அடுப்பான கரி ஸ்மோக்கருக்குள் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசிக்காமலே நம்மில் பலர் தீயை மூட்டிவிடுகிறோம்.

கிரில் என்றால் அரை மணி நேர வேலை. ஸ்மோக்கர் அப்படியில்லை. 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரையான மிதமான சூட்டில், முழுக்கோழிக்கு மூன்று நான்கு மணி நேரம், பெரிய இறைச்சித் துண்டு என்றால் எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகும். அவ்வளவு நேரமும் தீயைக் கவனிப்பதில் பாதி, காற்றைக் கவனிப்பதுதான்.

முதல் தவறு இடத்திலேயே தொடங்குகிறது. நிழலாக இருக்கிறதே என்று தென்னைக்கு அடியில் வைத்துவிடுவோம். காற்று நாளில் மேலிருந்து நெற்று விழும், காய்ந்த ஓலை விழும். கீழே கிடப்பது சில்லாட்டையும் (மட்டையடி நார்வலை) கொதும்பும் (காய்ந்த பாளை) சவறும் (சருகு). அடுப்பு மூட்டுவதற்கென்றே அம்மா பொறுக்கி வைப்பது சில்லாட்டையைத்தானே? அது கிடக்கிற தரையில் பொறி பறக்கிற பாத்திரத்தை வைக்கலாமா? தரையைச் சுத்தமாகப் பெருக்கி, சமமான இடத்தில் ஆடாமல் நிற்கும்படி வையுங்கள். வீட்டுச் சுவர், விறகுப்புரை, துணிக்கொடி எல்லாவற்றிலிருந்தும் 3 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். காற்று போகும் பக்கத்தில் அதைவிடக் கூடுதலாக. அந்தப் பக்கத்தில் அடுத்த வீட்டு ஓலைப்புரை இருந்தால், காற்று அடங்கும் வரை பற்றவைக்கவே வேண்டாம். ஒரு வாளி மண்ணும், குழாயில் மாட்டிய ஓஸும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் இன்னொன்றையும் கணக்கில் வைக்க வேண்டும். பகலில் கடலிலிருந்து கரைக்கு வீசும் காற்று, இரவில் பல நாள் கரையிலிருந்து கடலுக்குத் திரும்பிவிடும். மாலை நான்கு மணிக்குப் பொருத்தமாக இருந்த இடம் ஒன்பது மணிக்கு அப்படி இருக்காது. ஒரு கம்பில் துணித்துண்டைக் கட்டி நட்டு வைத்தால் திசை மாறுவது கண்ணுக்குத் தெரியும்.

காற்றுக்கு மறைப்பு வைப்பதிலும் தவறு நடக்கிறது. தார்ப்பாய், ஓலைத்தட்டி, பிளைவுட் எதுவுமே கூடாது, எல்லாம் பற்றிக்கொள்ளும். சாய்த்து வைத்த தகரம் ஒரு வீச்சில் ஸ்மோக்கர் மேலேயே விழும். அடைப்பாகச் சுவர் எழுப்பினால் காற்று அதன் மேலேறி உள்பக்கம் சுழன்று இறங்கும். சிமென்ட் கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, ஸ்மோக்கரைவிடச் சற்று உயரமாக, ஒரு மீட்டர் தள்ளி வைப்பதுதான் நல்லது. இடைவெளி வழியே கொஞ்சம் காற்று வந்தாலும் அதன் வேகம் உடைந்துவிடும்.

இனி துவாரங்கள். இதில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள். கீழ்த் துவாரம் வழியாகக் காற்று நுழைந்து கரியை எரியவைக்கிறது. மேல் துவாரம் வழியாகப் புகை வெளியேறுகிறது. கீழ்த் துவாரம் காற்றைப் பார்த்து இருந்தால், கொல்லன் உலைத் துருத்தியை வைத்த மாதிரிதான். போன ஆடியில் ஒரு சாயங்காலம் ஸ்மோக்கரின் சூடுகாட்டும் முள் 115 டிகிரியில் அசையாமல் நின்றது. முருங்கைக்காய்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தம் கேட்டு நிமிர்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் முள் 170ஐத் தாண்டிவிட்டது. பதறிப்போய் மேல் துவாரத்தை இறுக மூடினேன். சூடு இறங்கியது உண்மைதான். ஆனால் வெளியேற வழியில்லாத புகை உள்ளேயே தேங்கிக் கோழித்தோலில் கறுப்பாகப் படிந்துவிட்டது. வாயில் வைத்தால் நாக்கு மரத்துப்போகிற கசப்பு. பிள்ளைகள் ஒரு வாய்க்கு மேல் தொடவில்லை.

சூட்டைக் கட்டுப்படுத்தக் கீழ்த் துவாரத்தைத்தான் திருக வேண்டும். மேலே உள்ளது சமைக்கும்போது பாதியாவது திறந்தே இருக்கட்டும். ஸ்மோக்கரை மூட்டுவதற்கு முன்பே, கீழ்த் துவாரம் காற்றுக்கு முதுகு காட்டும்படி திருப்பி வையுங்கள். துவாரம் பல இருந்தால் காற்றுப் பக்கம் உள்ளதை அடைத்துவிடலாம். கொஞ்சம் திருகி, பத்துப் பதினைந்து நிமிடம் பொறுத்து, முள்ளைப் பார்த்து, அப்புறம் அடுத்த திருகு. காற்று சில சமயம் மெல்லிய இரும்பு உடலை வெளியிலிருந்து குளிரவைத்து முள்ளைக் கீழே இழுக்கவும் செய்யும். உடனே கரியை அள்ளிக் கொட்டினால், காற்று அடங்கியதும் சூடு கட்டுக்கடங்காமல் ஏறும். உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைத்தால் இந்த ஏற்ற இறக்கம் வெகுவாகக் குறையும்.

அடிக்கடி மூடியைத் திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். திறக்கும்போது காற்று வரும் பக்கமாக நின்று மெல்லத் தூக்குங்கள். எதிர்ப்பக்கம் நின்றால் பொறி முகத்துக்கு வரும். சாரத்தை (கைலியை) மடித்து இறுகக் கட்டுங்கள். நைலான் நைட்டி, தொங்கும் சேலைத் தலைப்போடு பக்கத்தில் நிற்க வேண்டாம். கொழுப்பு சொட்டித் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள். மூடியையும் எல்லாத் துவாரங்களையும் அடைத்துவிட்டால் தானே அணையும். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள், பேஸ்ட்டோ மையோ தடவ வேண்டாம். தீ கையை மீறினால் 101 அல்லது 112.

பெட்ரோல், மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைப்பது கூடவே கூடாது. காற்றில் சுவாலை எந்தப் பக்கம் சாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. சாப்பாட்டிலும் அந்த வாடை ஏறும். துளையிட்ட தகரக் குழலில் கரியை நிரப்பி அடியில் காகிதம் கொளுத்தினாலே போதும். சிரட்டைக்கரி (கொட்டாங்குச்சிக் கரி) நல்ல சூடு தரும். ஆனால் மெல்லிய துண்டுகள் காற்றில் சீக்கிரம் எரிந்து தீர்ந்துவிடும், பொடியெல்லாம் பொறியாகப் பறக்கும். சலித்துவிட்டுப் போடுங்கள். காற்று நாளுக்குப் புளியங்கட்டையின் பெரிய கரித்துண்டுகளே நிதானமானவை.

புகைக்காகச் சேர்க்கும் கட்டையில் நம் மாவட்டத்துக்கென்றே சில எச்சரிக்கைகள் உண்டு. கொல்லாங்கொட்டைத் தொலி (முந்திரிக்கொட்டை ஓடு) எளிதாகக் கிடைக்கிறதே என்று போடாதீர்கள். அதிலுள்ள எண்ணெய் தோலைப் பொள்ளவைக்கும், புகை கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். அரளிக்குச்சி முழுவதும் நஞ்சு. புகைக்கும் ஆகாது, இறைச்சி கோக்கவும் ஆகாது. மரச்சாமான் பட்டறையில் கிடைக்கும் ரப்பர்கட்டைத் துண்டில் பூச்சி அரிக்காமலிருக்க மருந்து ஏற்றியிருப்பார்கள், அதுவும் வேண்டாம். நன்றாகக் காய்ந்த கொய்யாக் கட்டை போதும், அருமையான மணம்.

சாரல் விழுந்ததும் ஸ்மோக்கரைக் கார் நிறுத்தும் இடத்துக்கோ மாடி அறைக்கோ தள்ளிக்கொண்டு போவது, நான் சொன்ன எல்லாவற்றிலும் கொடிய தவறு. எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம், அவ்வளவுதான், தூங்கியவர் எழுந்திருக்க மாட்டார். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கி இறந்தவர்களின் செய்திகளை நாமே படித்திருக்கிறோம். சன்னலைத் திறந்து வைத்தாலும் நம்பாதீர்கள். நனைந்தால் நனையட்டும்.

சூடு ஏறி இறங்கிய நாளில் வெளித்தோல் சிவந்துவிட்டதை நம்பி இறக்கிவிடவும் கூடாது. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரில் கோழியின் உள்சூடு 74 டிகிரியும், நெய்மீனோ சூரையோ என்றால் 63 டிகிரியும் வந்திருக்க வேண்டும்.

கடைசியாகச் சாம்பல். தென்னை மூட்டில் சாம்பல் போடுவது நமக்குத் தலைமுறைப் பழக்கம். அந்தக் கசந்த கோழி நாளன்று, இரவு பதினொரு மணிக்கு, ஆறிவிட்டது என்று நினைத்து அப்படியே கொண்டுபோய்க் கொட்டினேன். மேலே வெள்ளையாக, தொட்டால் மிதமான சூடுதான். விடியற்காலையில் கதவைத் திறந்தால் புகைநாற்றம். தென்னை மூட்டைச் சுற்றிப் புதைத்திருந்த கதம்பைக்குள் (தேங்காய் மட்டைக்குள்) கங்கு இறங்கி, ஒரு முழ ஆழத்துக்கு மெதுவாகக் கனன்றுகொண்டிருந்தது. மண்வெட்டியால் கிளறக் கிளறச் சிவந்தது. ஐந்து வாளித் தண்ணீர் பிடித்தது. காற்று ஒருமுறை ஓங்கி வீசியிருந்தால் பக்கத்தில் இருந்த விறகுப்புரை மிஞ்சியிருக்காது.

இப்போது வேலை முடிந்ததும் எல்லாத் துவாரங்களையும் அடைத்து அப்படியே விட்டுவிடுகிறேன். மறுநாள் சாம்பலை மூடி போட்ட இரும்பு வாளிக்கு மாற்றி, இன்னும் ஒரு நாள் சிமென்ட் தரையில் வைத்து, தண்ணீர் ஊற்றிக் கிளறி, ஈரச்சேறாக ஆன பிறகுதான் அது தென்னை மூட்டுக்குப் போகிறது.